நோன்பின் இலக்கணம்: டாக்மா 95 இயக்கத்தின் விதிமொழியும் அதன் தாக்கமும்

1

திரைப்பட இயக்கங்கள் பெரும்பாலும் படங்களிலிருந்தே தொடங்குகின்றன. அவற்றுக்குரிய கொள்கை விளக்கங்களைத் திறனாய்வாளர்கள் பின்னர் எழுதுகின்றனர். டென்மார்க்கில் தோன்றிய டாக்மா 95 இயக்கம் இம்முறையைத் தலைகீழாக்கியது. அது ஒரு பனுவலாகவே பிறந்தது. 1995 மார்ச் 13ஆம் நாள் லார்ஸ் வான் ட்ரியர், தாமஸ் விண்டர்பெர்க் ஆகிய இருவரும் கோபன்ஹேகனில் ஓர் அறிக்கையையும் பத்து விதிகள் கொண்ட ஓர் உறுதிமொழியையும் எழுதிக் கையெழுத்திட்டனர். ஒரு வாரம் கழித்து, திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டிப் பாரிசின் ஓதேயோன் அரங்கில் கூடிய அவையில், வான் ட்ரியர் அதனைப் படித்தார். சிவப்புத் தாளில் அச்சிட்ட படிகளை அவையோர் நடுவே வீசிவிட்டு வெளியேறினார். அவ்விதிகளுக்கு உட்பட்டு எடுக்கப்பட்ட முதற்படமான விண்டர்பெர்க்கின் 'ஃபெஸ்டன்' (விருந்து) வெளிவந்தது 1998இல்தான். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் இயக்கம் என்பது அத்தாளில் இருந்த சொற்களே.

இவ்வியக்கம் பற்றிய எழுத்துகளில் ஆடும் கேமராவும் மங்கிய ஒளியும் திரும்பத் திரும்பப் பேசப்பட்டுள்ள அளவுக்கு அதன் மொழி பேசப்படவில்லை. ஆனால் கேமராவின் ஆட்டம் பத்தாண்டுகளுக்குள் விளம்பரப் படங்களின் உத்தியாகிப் பழகிப்போயிற்று. பழகிப்போகாமல் நிலைத்தது அப்பனுவலின் யாப்பே. தன்மீது தானே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாட்டை எவ்வகைத் தொடரில் சொல்வது, மீறினால் எவ்வாறு சொல்வது என்னும் வினாக்களுக்கு அது தந்த விடை, திரைப்படத்திற்கு வெளியேயும் பரவியது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அப்பனுவலை ஊன்றி நோக்குவதற்குக் காரணம் உண்டு.

2

பத்து விதிகளையும் சுருங்கக் கூறலாம். படப்பிடிப்பு உண்மையான இடத்திலேயே நடைபெற வேண்டும். ஒலியைப் படிமத்திலிருந்து பிரித்து உருவாக்கக் கூடாது. கேமரா கையில் இருக்க வேண்டும். படம் வண்ணத்தில் அமைய வேண்டும், தனி ஒளியமைப்புக்கு இடமில்லை. ஒளியியல் வேலைப்பாடும் வடிப்பான்களும் விலக்கு. மேலோட்டமான செயல்கள், அதாவது கொலை, படைக்கருவி போன்றவை, இடம்பெறக் கூடாது. காலத்தாலும் இடத்தாலும் அயன்மைப்படுத்தல் விலக்கு. வகைமைப் படங்கள் ஏற்கப்படா. வடிவம் 35 மி.மீ. அகாதமி அளவாக இருக்க வேண்டும். இயக்குநரின் பெயர் இடம்பெறக் கூடாது.

முதன்மைத் தொடர்களை மட்டும் எண்ணினால் ஆறு விதிகள் எதிர்மறை, நான்கு உடன்பாடு. உடன்பாட்டு விதிகளிலும் முதல் விதியும் நான்காம் விதியும் அடுத்த தொடரிலேயே எதிர்மறைக்குத் திரும்பிவிடுகின்றன. எதிர்மறையின் மிகுதி வியப்புக்குரியதன்று. விலக்கு நூல்கள் யாவும் அவ்வாறே அமையும். நோக்கத்தக்கது வேறொன்று. பத்து விதிகளிலும் வினைமுதல் இல்லை. ஒலி, கேமரா, படம், வடிவம் ஆகியவையே எழுவாய்களாக வருகின்றன. 'நான்' என்னும் தன்மை ஒருமை விதிகளுக்கு முன்னும் பின்னும் மட்டுமே தோன்றுகிறது: விதிகளுக்கு அடங்குவதாகத் தொடக்கத்தில் ஆணையிடுகிறது, இனித் தான் கலைஞன் அல்லன் என்றும், தன் சுவையைத் துறப்பதாகவும் இறுதியில் ஆணையிடுகிறது. தன்மையில் தொடங்கித் தன்மையில் முடியும் உறையொன்றுக்குள், ஆளில்லாத சட்டமொன்று வைக்கப்பட்டுள்ளது. இயக்குநரின் பெயரை நீக்கும் பத்தாம் விதியை அடுத்து இரு இயக்குநர்களின் பெயர்கள் கையொப்பமாக வருவது இப்பனுவலின் நகைச்சுவை. அது அறிந்தே செய்யப்பட்டது என்று கொள்வதே பொருந்தும்.

இன்னோர் அமைப்பும் தமிழிலக்கண மரபில் பயின்றவர்க்கு உடனே புலப்படும். ஆறு விதிகளுக்கு அடைப்புக்குறிக்குள் விளக்கம் உண்டு, நான்குக்கு இல்லை. நூற்பாவும் உரையும் ஒரே ஆசிரியரால் எழுதப்பட்டு ஒரே வரியில் வைக்கப்பட்டாற் போன்ற அமைப்பு இது. முதல் விதி, அரங்கப் பொருள்களை வெளியிலிருந்து கொண்டுவருதலை விலக்குகிறது; உரைப்பகுதி, குறிப்பிட்ட பொருளொன்று கதைக்கு இன்றியமையாததாயின் அப்பொருள் உள்ள இடத்தைத் தேடிச் செல்க என்கிறது. நான்காம் விதி தனி ஒளியை மறுக்கிறது. உரைப்பகுதி, ஒளி போதாதவிடத்துக் கேமராவில் ஒரே ஒரு விளக்கைப் பொருத்திக்கொள்ள இசைகிறது. புறனடை என்று நம் இலக்கணிகள் கூறுவது இதுவே.

உரையில்லாத நான்கு விதிகளுள் ஒன்பதாவது மற்றவற்றைவிட விளைவு மிக்கது. 35 மி.மீ. 'வடிவம்' என்பது படம்பிடிக்கப் பயன்படும் சுருளைக் குறிப்பதாகவே முதலில் எண்ணப்பட்டது. பின்னர், அது திரையரங்குக்கு அனுப்பப்படும் படியின் வடிவத்தையே குறிக்கும் எனப் பொருள்கொள்ளப்பட்டது. ஒரு சொல்லின் குறிப்புப்பொருள் உற்பத்தியிலிருந்து வழங்கலுக்கு நகர்ந்தது, அவ்வளவே. அந்நகர்வினால் 'ஃபெஸ்டன்' படத்தை ஒளிப்பதிவாளர் அந்தோணி டாட் மேன்டில், கடையில் எவரும் வாங்கத்தக்க சிறிய சோனி டிஜிட்டல் கேமராவில் எடுக்க முடிந்தது. பின்னர் அது 35 மி.மீ. சுருளுக்கு மாற்றப்பட்டது. டாக்மா இயக்கத்தின் தொழில்நுட்பத் தாக்கம் என்று இன்று கூறப்படுவது பெரும்பாலும் டிஜிட்டல் ஒளிப்பதிவின் பரவலே. அதற்குரிய வழி விதியின் எழுத்தில் இல்லை. விதியைப் படித்த முறையில் திறந்தது. அதே ஒளிப்பதிவாளர் 2002இல் '28 டேஸ் லேட்டர்' படத்தையும், மும்பைத் தெருக்களில் 2008இல் வெளிவந்த 'ஸ்லம்டாக் மில்லியனேர்' படத்தையும் டிஜிட்டல் கேமராக்களால் எடுத்தார். பின்னதற்கு 2009இல் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் விருது பெற்றார்.

3

ஆஸ்டினின் சொற்செயல் கோட்பாட்டின்படி உறுதிமொழி என்பது, கூறுவதனாலேயே நிகழும் செயல். ஆனால் உறுதிமொழி மீறப்பட்டால் அச்செயலுக்கு என்ன நேர்கிறது? சங்கப் பாடல்களின் வஞ்சினம் இதற்குக் கடுமையான விடை வைத்துள்ளது. புறநானூற்றில் நெடுஞ்செழியனும் பூதப்பாண்டியனும் நலங்கிள்ளியும் கூறும் வஞ்சினங்கள் யாவும், இன்னது செய்யேனாயின் எனக்கு இன்னது நேர்க எனத் தம்மைத் தாமே சபிக்கும் நிபந்தனைத் தொடர்கள். டாக்மா உறுதிமொழியில் அத்தகைய தண்டம் எதுவும் இல்லை. தண்டத்தின் இடத்தில் பாவ அறிக்கை வந்தது.

விண்டர்பெர்க் தம் படத்தை முடித்தபின் எழுத்து வடிவில் ஒப்புக்கொண்டவை படிப்பவர்க்குச் சிரிப்பூட்டுவன: ஒரு காட்சியில் சன்னலைக் கறுப்புத் துணியால் மறைத்தது, இல்லாத விடுதி வரவேற்பு மேசையொன்றை அங்கிருந்த பொருள்களைக் கொண்டே கட்டச் செய்தது, நாயகன் கையிலிருந்த கைத்தொலைபேசி அவனுடையது அன்று என்பது, ஒருமுறை கேமராவை ஒலிவாங்கிக் கழியில் கட்டியது. சிறு குற்றங்களை இவ்வளவு நுணுக்கமாக அடுக்கும் இவ்வறிக்கையின் பயன், எஞ்சியவை யாவும் விதிப்படியே நடந்தன என்று இறுதியில் சான்றளிப்பது. அதாவது, மீறலைச் சொல்வது உறுதிமொழியைக் குலைக்கவில்லை. அதனை மேலும் வலுப்படுத்துகிறது. விதிப்படி அமைந்த படத்துக்குச் சான்றிதழும் வரிசை எண்ணும் வழங்கப்பட்டன. பின்னாளில் இயக்குநரே தம் படத்துக்கு உறுதி கூறிச் சான்றிதழ் பெறும் முறை வந்தபோது இவ்வமைப்பு நீர்த்துப்போயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எண்பெற்றன. அவற்றுள் நினைவில் நிற்பவை சிலவே. பாவ அறிக்கை கேட்க ஆளில்லாத இடத்தில் சான்றிதழ் வெறும் முத்திரையாகிவிடும்.

4

இப்பனுவலைத் தமிழாக்க முனைவோர் முதலில் எதிர்கொள்வது அதன் பெயர். டேனிய மொழியில் இது 'தூய்மை' அல்லது 'புலனடக்கம்' என்னும் பொருளுடைய சொல்லும் 'உறுதி' என்னும் சொல்லும் இணைந்த தொகை. துறவியர் மேற்கொள்ளும் கற்புறுதியைக் குறிப்பது. தமிழில் 'கற்பு' என்னும் சொல் மணவாழ்வையும் பெண்ணையும் சார்ந்தே நெடுங்காலம் வழங்கிவந்ததால், அதனை ஓர் ஒளிப்பதிவு விதிக்கு வைப்பது முதற்பார்வையில் ஒவ்வாது. 'நோன்பு' என்பது அழகிய சொல். ஆனால் அது ஒரு குறித்த காலத்துக்கு உரியது, முடிவில் பாரணை உடையது. 'பிரமசரிய விரதம்' கல்விப் பருவத்தை நினைவூட்டும். தமிழ்க் கிறித்தவ வழக்கில் துறவியரின் உறுதியைக் குறிக்க 'வார்த்தைப்பாடு' என்னும் சொல் உள்ளது. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்றும் வார்த்தைப்பாடுகளே. 'கற்பு வார்த்தைப்பாடு' என்பது அச்சொல்வழக்கு அறிந்தவர்க்குப் புதிதன்று. அங்கே கற்பு ஆணுக்கும் உரியது. டேனியத் தொகையின் சமயச் சாயலையும் அதிலுள்ள குறும்பையும் ஒருங்கே தருவது இத்தொடரே. இதனைப் பொதுத் தமிழ் வாசகர் அறியார் என்னும் தடை எழலாம். அறியாத சொல்லைக் கற்பதற்கு மொழிபெயர்ப்பைவிடச் சிறந்த வாய்ப்பு இல்லை.

வினைமுற்றைப் பற்றிய சிக்கல் இதனினும் நுண்ணியது. 'கூடாது' என்னும் முற்று, எண், இடம், பால் காட்டாது. ஒலியும் கேமராவும் எழுவாயாக வரும் விதிகளுக்கு அது இயல்பாகப் பொருந்தும். பனுவலின் ஆளின்மையும் காக்கப்படும். ஆனால் தமிழில் 'கூடாது' என்று முடியும் தொடர் பள்ளி அறிவிப்புப் பலகையின் குரலைப் பெற்றுவிடுகிறது. பிறர் பிறருக்கு விதித்தது போல ஒலிக்கிறது. 'பிரிக்க மாட்டேன்', 'கொண்டுவர மாட்டேன்' என்று தன்மை முற்றால் பெயர்த்தால் உறுதிமொழி உயிர்பெறும். ஆனால் சட்டம் மறைந்துவிடும், எழுவாயாக நின்ற ஒலியும் கேமராவும் செயப்படுபொருளாகிவிடும். மூலம் இரண்டையும் இரு வேறு அடுக்குகளில் வைத்துள்ளது. ஆகவே விதிகளைக் 'கூடாது' என்றும், உறையை 'ஆணையிடுகிறேன்' என்றும் பிரித்துப் பெயர்ப்பதே முறை. விதிகளுக்குள் 'மாட்டேன்' நுழைந்தால், தமிழ் வாசகர் ஓர் ஆர்வமிக்க இளைஞனின் சூளுரையைப் படிப்பாரேயன்றி, தன்னைத் தானே கட்டுவித்த ஒருவனின் விந்தையான சட்டத்தைப் படிக்க மாட்டார்.

5

ஒலியைப் படிமத்திலிருந்து பிரிக்கலாகாது என்னும் இரண்டாம் விதி, அதன் நேர்பொருளில், மொழிமாற்றுக் குரல்சேர்ப்பை இயலாததாக்குகிறது. பேசியவனின் குரலை நீக்கி வேறொரு குரலை அங்கே வைப்பது விதிமீறல். ஆகவே டாக்மா படம் துணைத்தலைப்பின் வழியாகவே வேற்றுமொழிக்குச் செல்ல இயலும். ஆனால் படத்தின்மேல் எழுத்தைப் பதிப்பதும் ஒருவகை ஒளியியல் வேலைப்பாடுதானே என்று ஐந்தாம் விதியைக் காட்டிக் குதர்க்கம் பேசவும் இடமுண்டு.

'ஃபெஸ்டன்' இவ்வினாக்களுக்கெல்லாம் ஏற்ற படம், ஏனெனில் அதன் கதையே பேச்சுச் சடங்கொன்றைப் பற்றியது. தந்தை ஹெல்கேயின் அறுபதாம் பிறந்தநாள் விருந்தில் மூத்த மகன் கிறிஸ்டியன் எழுகிறான். பச்சை, மஞ்சள் எனத் தன்னிடம் இரண்டு உரைகள் உள்ளன என்று கூறித் தந்தையையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறான். தந்தை பச்சையைத் தேர்கிறார். வாழ்த்துரையின் அமைதியான குரலிலேயே மகன், தானும் தன் இரட்டைச் சகோதரியும் சிறுவயதில் தந்தையால் பாலியல் வன்முறைக்கு ஆளானதைச் சொல்லி முடிக்கிறான். சகோதரி தற்கொலை செய்துகொண்டு இறந்தவள். விருந்தினர் கலைந்து ஓடவில்லை, சடங்கு தொடர்கிறது. வாழ்த்துரை என்னும் வகைமையின் இலக்கணம், அதில் சொல்லப்பட்ட செய்தியை விழுங்கிவிடுகிறது. மீண்டும் மீண்டும் அவன் எழ வேண்டியிருப்பது அதனால்தான். இயக்குநர் விதிகளால் தம்மைக் கட்டிக்கொண்ட படத்தில் பாத்திரங்கள் விருந்து விதிகளால் கட்டுண்டிருக்கின்றனர். டாக்மா படங்களுள் இதுவே தலைசிறந்தது என்பதற்கு இப்பொருத்தம் ஒரு காரணம். இக்கதை பின்னர் மேடை நாடகமாகவும், 2025இல் லண்டன் ராயல் ஆப்பராவில் மார்க்-அந்தோணி டர்னேஜின் இசைநாடகமாகவும் ஆனபோது, டாக்மா விதிகள் யாவும் உதிர்ந்தன; விருந்தின் விதிகள் மட்டும் எஞ்சின.

இப்படத்துக்குத் தமிழில் துணைத்தலைப்பு எழுதுவோர்க்கு ஒரு தேர்வு உண்டு. இன்றைய டேனியத்தில் குடும்பத்தினர் எல்லாரும் ஒருவரையொருவர் ஒரே முன்னிலைப் பெயரால் அழைக்கின்றனர். தமிழில் மகன் தந்தையை 'நீங்கள்' என்றே தொடங்குவான். சகோதரியின் சாவுக்குத் தந்தையே பொறுப்பு என்று அவன் அறிவிக்கும் இடத்தில் 'நீ' என்று மாறுவதா? மாறினால், மூலத்தின் இலக்கணத்தில் இல்லாத ஒரு முறிவைத் தமிழ் உண்டாக்கும். மாறாவிட்டால் அவனுடைய அமைதி, 'நீங்கள்' என்னும் மரியாதைச் சொல்லிலேயே, மேலும் அச்சமூட்டும். நடிகர் உல்ரிக் தாம்சன் குரலை உயர்த்தாமல் பேசுவதை நோக்க, இரண்டாவது வழியே மேம்பட்டது.

வேறொரு காட்சி மொழிபெயர்ப்பைப் பற்றியதாகவே அமைந்துள்ளது. மகள் ஹெலன் அழைத்துவந்த கறுப்பின அமெரிக்கரான பதோக்காய்க்கு டேனியம் தெரியாது. விருந்தினர் அவரை நோக்கி இனவெறிப் பாடலொன்றைக் கூட்டாகப் பாடுகின்றனர். அவருக்குச் சொற்கள் விளங்கா, முகங்கள் விளங்குகின்றன. துணைத்தலைப்பு படிக்கும் பார்வையாளருக்கோ சொற்கள் உடனே விளங்கிவிடுகின்றன. எனவே மொழிபெயர்ப்பு இங்கே பார்வையாளரைப் பாடுவோரின் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறது. பாடலுக்குத் துணைத்தலைப்பு இடாமல் விட்டால் பார்வையாளர் பதோக்காயின் இருக்கையில் அமர்வார். இவ்வாறு விடுவதைப் பதிப்பாளர் எவரும் ஏற்பதில்லை, பிழையென்றே கருதுவர்.

6

டாக்மாவின் தாக்கம் திரைப்படத்துக்கு வெளியே எவ்வளவு தொலைவு சென்றது என்பதற்கு மொழி கற்பித்தல் துறையே சான்று. 2000ஆம் ஆண்டில் ஸ்காட் தார்ன்பரி, ஆங்கிலம் கற்பித்தலுக்கு ஒரு டாக்மா வேண்டும் என்று எழுதினார். பாடநூல்கள், ஒலிநாடாக்கள், பயிற்சித் தாள்கள் ஆகியவற்றின் குவியலில் வகுப்பறையின் உயிர்ப்பான பேச்சு புதைந்துவிட்டது என்பது அவர்தம் முறையீடு. படப்பிடிப்பு உண்மையான இடத்தில் நடைபெற வேண்டும் என்னும் முதல் விதி, ஆசிரியரும் மாணவரும் வகுப்பறைக்குக் கொண்டுவருவனவற்றைக் கொண்டே கற்பித்தல் நடைபெற வேண்டும் என மாறியது. 2009இல் அவர் லூக் மெடிங்ஸுடன் இணைந்து இதனை நூலாக விரித்தார். உரையாடலை மையமாகக் கொள்ளுதல், துணைக்கருவிகளைக் குறைத்தல், பேச்சினூடே எழும் மொழிக்கூறுகளைக் கற்பித்தல் என்பன அதன் அடிப்படைகள்.

இந்திய மொழி வகுப்பறைகளை அறிந்தவர்க்கு இங்கே ஓர் ஐயம் எழும். பாடநூலே உரிய காலத்தில் வந்து சேராத பள்ளியில், கரும்பலகையும் ஆசிரியர் குரலும் மட்டுமே கருவிகளாக உள்ள வகுப்பில், துணைக்கருவிகளைத் துறத்தல் என்பதற்குப் பொருள் என்ன? இருப்பதை விடுவது நோன்பு. இல்லாமல் இருப்பது பட்டினி. இரண்டிலும் இலை வெறுமையாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா. 'ஃபெஸ்டன்' படத்துக்கு டென்மார்க்கின் பொது ஒலிபரப்பு நிறுவனம் துணைநின்றது. விளக்குகளை வாங்க இயலாமையால் அப்படம் விளக்கின்றி எடுக்கப்படவில்லை. சிறிய கேமராவும் இயற்கை ஒளியும் கொண்டு எடுக்கப்படும் இந்தியக் குறைந்த செலவுப் படங்களையெல்லாம் டாக்மாவின் வழித்தோன்றல்கள் என்று கூறும் வழக்கம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. அவற்றுட் பலவும் வறுமையின் விளைவுகள். அவற்றைத் துறவின் பெயரால் பாராட்டுவது, அவர்களுக்குக் கிட்டாத வசதியைப் பற்றிய பேச்சை அடக்குவதாகும்.

வான் ட்ரியரும் ஜோர்கன் லெத்தும் 2003இல் உருவாக்கிய 'ஐந்து இடையூறுகள்' படத்தில் இவ்வேறுபாடு மும்பைத் தெருவிலேயே காட்சியாகிவிட்டது. லெத் தம் பழைய குறும்படத்தை வான் ட்ரியர் விதிக்கும் தடைகளுக்கு ஏற்ப மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டும். இரண்டாம் தடை, உலகின் மிகத் துயரமான இடத்துக்குச் சென்று, அத்துயரத்தைக் காட்டாமல் எடுத்தல். லெத் மும்பையின் ஃபாக்லண்டு சாலைக்கு வந்தார். ஒளி ஊடுருவும் திரையொன்றைக் கட்டி, அதன்முன் மேசையிட்டு உணவருந்தினார். திரைக்கு அப்பால் மக்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். மக்கள் தெரிகின்றனர், ஆகவே விதி மீறப்பட்டது என்றார் வான் ட்ரியர். திரும்பிச் சென்று எடுக்க லெத் மறுத்தபோது, தண்டனையாக அவருக்கு முழு விடுதலை அளிக்கப்பட்டது: இனி விரும்பியவாறே எடுக்கலாம். விதியே விளையாட்டாகிய ஒருவர்க்கு விதியின்மையே தண்டம் என்பது கூர்மையான எண்ணம். ஆனால் திரைக்குப் பின்னால் நின்றவர்கள் அவ்விளையாட்டில் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர்.

7

2025 மே மாதம் கான் திரைப்பட விழாவின்போது மே எல்-டூக்கி, மிலாத் அலாமி, அன்னிகா பெர்க், இசபெல்லா எக்லோஃப், யெஸ்பர் யுஸ்ட் ஆகிய ஐவர் 'டாக்மா 25' என்னும் புதிய உறுதிமொழியை வெளியிட்டனர். மீண்டும் பத்து விதிகள். கேமராவைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் முன்னிருந்த அக்கறை மறைந்துவிட்டது. திரைக்கதை இயக்குநரின் சொந்தப் படைப்பாகவும் அவர்தம் கையெழுத்திலும் இருக்க வேண்டும். படத்தின் பாதியேனும் உரையாடலின்றி அமைய வேண்டும். படைப்புப் பணி எதிலும் இணையம் பயன்படலாகாது. கேமராவுக்குப் பின்னால் பத்துப் பேருக்கு மேல் கூடாது. 1995இல் ஒலியைக் காத்த இயக்கம் 2025இல் பேச்சைக் குறைக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் பணி பாதியாகக் குறையலாம். உரையாடல் என்பதில் தனிமொழி அடங்குமா, பாட்டு அடங்குமா என்னும் கேள்விகள், ஒன்பதாம் விதியின் 'வடிவம்' என்னும் சொல்லைப் போல, படங்கள் வரவர எழும்.

விதிகளுக்கு அடியில் இப்போதும் உரை உண்டு. 1995இன் உரை எவ்வாறு கடைப்பிடிப்பது என்று கூறியது. இப்போதைய உரை ஏன் என்று கூறுகிறது. திரைக்கதையைக் கையால் எழுதுமாறு தங்களைத் தாங்களே கட்டாயப்படுத்திக்கொள்வதாக அது தன்மைப் பன்மையில் பேசுகிறது. ஆளில்லாத சட்டத்துக்குள் ஆள் வந்துவிட்டார். ஆங்கிலத்துக்கும் டேனியத்துக்கும் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் பெயர்ப்பவர் 'நாங்கள்' என்று எழுதினால், கையெழுத்திட்ட ஐவரின் சட்டம் ஆகும். 'நாம்' என்று எழுதினால் படிப்பவரும் ஆணையிட்டவராகிவிடுவார்.